"மெயில் எல்லாம் வந்துவிட்டது" என்று சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாறப்போகிறீர்களா? மெயில்களைச் சர்வரில், அதாவது மெயில் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில், விடாமல், சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஃபோல்டர் ஃபோல்டராகப் பிரித்து வைத்திருப்பவரா? மாற்றித் தரும் வேலையை வெளியே ஒப்படைப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 2009-லிருந்து தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில்தான் என் மெயில்கள் இருந்தன. அந்தக் காலத்தில் என் மெயில் கணக்கில் கிடைத்த இடம் மிகக் குறைவு. நிரம்பிவிட்டால் புது மெயில் வராது. அதனால் வருடா வருடம் முக்கியமானவற்றை "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்ற பகுதிக்கு நகர்த்தி வைப்பேன். அப்படி நகர்த்தியதும் சர்வரிலிருந்து அவை போய்விடும். என் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கும். ஒப்பந்தம், வரிக் கணக்கு, பதிப்பாளர்கள் என்று முப்பதுக்கு மேல் ஃபோல்டர்கள். அதில் ஒன்றின் பெயர் "சொல் சந்தேகம்". எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஐயா, நான் கேட்ட ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதிய பதில்கள் அதில் இருந்தன. ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கம்கூட எழுதுவார். இப்போது அவர் இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. என் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மாடல். புதியது வாங்கிய கடையிலேயே டேட்டா மாற்றித் தருவோம், பழையதையும் எடுத்துக்கொண்டு விலையில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணம். தண்டர்பேர்டில் லோக்கல் ஃபோல்டர்கள் இருக்கின்றன, அவைதான் எனக்கு முக்கியம் என்று இரண்டு முறை சொன்னேன். "எங்களுக்குத் தெரியாதா மேடம், தினமும் செய்கிற வேலைதானே" என்றார் அந்தத் தம்பி.

மறுநாள் புதிய லேப்டாப்பைத் திறந்து காட்டினார். தண்டர்பேர்ட் இருந்தது, இன்பாக்ஸ் இருந்தது, அன்று காலை வந்த மெயில்கூட இருந்தது. "மெயில் எல்லாம் வந்துவிட்டது, பாருங்கள்" என்றார். டேட்டா முழுவதும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்த ரசீதில் கையெழுத்துப் போட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

அங்கே நடந்தது இதுதான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கை மட்டும் காப்பி செய்திருக்கிறார்கள். பிறகு புதிய தண்டர்பேர்டில் என் கணக்கை ஐமேப் முறையில் சேர்த்துவிட்டார்கள். ஐமேப் என்றால் சர்வரில் இருப்பது அப்படியே திரையில் வந்து நிற்கும். எந்தக் கம்ப்யூட்டரில் கணக்கைச் சேர்த்தாலும் வரும். ஆகவே இன்பாக்ஸ் நிறைந்திருப்பதை வைத்துப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எதுவும் மாறிவந்தது என்று சொல்லவே முடியாது. தினமும் இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது என்று நினைக்கிறேன். தெரியாது என்றால் அதற்குக் கட்டணம் வாங்கியிருக்கக் கூடாது.

ஆறு வாரம் கழித்து ஒரு சொல்லுக்காக அந்த ஃபோல்டரைத் தேடினேன். லோக்கல் ஃபோல்டர்ஸ் என்பதற்குக் கீழே குப்பைத்தொட்டியும் அவுட்பாக்ஸும் மட்டும் இருந்தன.

கடைக்குப் போனேன். முதலில், நானே தவறுதலாக அழித்திருப்பேன் என்றார்கள். அப்புறம் அது சர்வர் கோளாறு, மெயில் நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள். பழைய லேப்டாப்பைக் கொடுங்கள், நானே பார்க்கிறேன் என்றதும்தான், மூன்றாம் நாளே ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டோம் என்று சொன்னார்கள். நல்ல வேளையாக அது இன்னும் விற்கவில்லை. "ரிக்கவரி செய்தால் எல்லாம் வந்துவிடும், அதற்குத் தனிக் கட்டணம்" என்றார்கள். அந்தப் பதற்றத்தில் அதையும் கட்டினேன்.

அந்தப் பணத்தை வாங்கியதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. என் பழைய லேப்டாப்பில் இருந்தது எஸ்.எஸ்.டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில், அழித்த ஃபைலின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அது உள்ளே கிடக்கும். தோண்டி எடுக்க வழியுண்டு. எஸ்.எஸ்.டி அப்படி இல்லை. ஃபார்மட் செய்ததும் இந்த இடமெல்லாம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். டிரிம் என்று அதற்குப் பெயர். எஸ்.எஸ்.டி தானாகவே அந்த இடங்களைத் துடைத்துவிடும். அதன் மேல் விண்டோஸையும் ஏற்றி ஆறு வாரம் ஆன பிறகு மெயில் திரும்பக் கிடைக்க வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம். இதைப் பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்து ஒரு பென்டிரைவ் கொடுத்தார்கள். அதில் இருந்தவை விண்டோஸோடு வருகிற ஐகான்களும் வால்பேப்பர்களும். என்னுடையது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை.

வீட்டில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் இருந்தது. 2023-ல் என் யூசர் ஃபோல்டர் முழுவதையும், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் உட்பட, அதில் ஒருமுறை காப்பி செய்து வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். அந்தத் தம்பி பார்த்துவிட்டு, "இதெல்லாம் கெட்டுப்போன ஃபைல் மேடம், எக்ஸ்டென்ஷனே இல்லை பாருங்கள்" என்றார். ஒன்றை நோட்பேடில் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். என் தமிழ் மெயிலில் தமிழே இல்லை. நானும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவை கெட்டுப்போகவில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக ஒரு ஃபோல்டரில் இருக்கும் எல்லா மெயில்களையும் ஒரே ஃபைலில் வரிசையாக எழுதி வைக்கும். எம்பாக்ஸ் என்கிற அந்த வகை ஃபைலுக்கு இங்கே எக்ஸ்டென்ஷன், அதாவது பெயரின் முடிவில் புள்ளி வைத்து வரும் குறி, கிடையாது. அதுதான் அதன் இயல்பு. பக்கத்திலேயே அதே பெயரில் எம்.எஸ்.எஃப் என்று முடியும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும். அது வெறும் அட்டவணை. உள் ஃபோல்டர்கள் இருந்தால் எஸ்.பி.டி என்று முடியும் ஒரு ஃபோல்டருக்குள் இருக்கும். தமிழ் மெயில்கள் பெரும்பாலும் பேஸ்64 போன்ற முறையில் ஆங்கில எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன. எம்பாக்ஸிலும் அப்படியே கிடக்கும். நோட்பேடில் பார்த்தால் குப்பை மாதிரித்தான் தெரியும். அந்தக் குப்பைக்கு நடுவே அனுப்பியவர் முகவரியும் தேதியும் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் மெயில் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு நாள் தேடிப் படித்து இதைத் தெரிந்துகொண்டேன். தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்த ஃபைல்களைப் புதிய லேப்டாப்பின் லோக்கல் ஃபோல்டர்ஸ் இடத்தில் காப்பி செய்து, மறுபடி திறந்தேன். ஒவ்வொரு ஃபோல்டராகச் சொடுக்கச் சொடுக்க அட்டவணை தானாக உருவானது. ஐயாவின் முதல் பதில் 2010-ல் எழுதியது, அது திறந்தது. 2023-க்குப் பிறகு அவர் எழுதியவை மட்டும் இல்லை. அவர் கடைசியாக எழுதியவை அவைதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விண்டோஸில் தண்டர்பேர்ட் மெயில்கள் இருக்கும் இடம் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். மறைந்தவற்றைக் காட்டு என்று சொன்னால்தான் தெரியும். இதே ஆப்டேட்டாவில் லோக்கல் என்று இன்னொன்றும் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அங்கே இருக்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரில் இருப்பது தற்காலிகச் சேமிப்பு மட்டும்தான். தண்டர்பேர்டை முழுவதும் மூடிவிட்டு, ரோமிங்கில் இருக்கும் தண்டர்பேர்ட் ஃபோல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்து, புதியதில் அதே இடத்தில் வையுங்கள். கணக்குகள், பாஸ்வேர்டு, முகவரிப் புத்தகம் எல்லாம் அதோடு வந்துவிடும். புதியதில் இருக்கும் தண்டர்பேர்ட் பழையதைவிடக் குறைந்த வெர்ஷனாக இருக்கக் கூடாது. மெனுவில் எக்ஸ்போர்ட் வசதி உண்டு, ஆனால் 2 ஜிபிக்கு மேல் இருந்தால் அது ஜிப் செய்யாது, அதாவது ஒரே ஃபைலாகச் சுருக்கித் தராது. எனக்கு 11 ஜிபி இருந்தது.

நீங்கள் வைத்திருப்பது தண்டர்பேர்ட் இல்லாமல் மைக்ரோசாஃப்ட்டின் மெயில் மென்பொருளான பழைய அவுட்லுக்காக இருந்தால் பி.எஸ்.டி என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். 2010-க்குப் பிறகு வந்தவற்றில் பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். ஓ.எஸ்.டி என்று முடிவது வேறு; அது சர்வரின் நகல், இன்னொரு கம்ப்யூட்டரில் வைத்தால் அவுட்லுக் திறக்காது. கடையில் ஓ.எஸ்.டியைக் காப்பி செய்துவிட்டு மெயில் எடுத்தாயிற்று என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மெயிலைச் சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையில் கணக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். சர்வரில் நகல் வைக்கும்படி சொல்லியிருக்காவிட்டால், உங்கள் இன்பாக்ஸே அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது.

கடைக்குக் கொடுக்கும் முன் பழையதில் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எத்தனை மெயில் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் எடுங்கள். திரும்ப வாங்கும்போது இன்டர்நெட்டை அணைத்துவிட்டு எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். பழைய மெயில் நாலைந்தை இணைப்போடு திறந்து பாருங்கள். பின்னால் எத்தனை பேர் நின்றாலும் நிற்கட்டும். பழைய டிஸ்கைக் கழற்றி உங்களிடமே கொடுக்கச் சொல்லுங்கள், இரண்டு மாதமாவது அதைத் தொடாமல் வைத்திருங்கள். அதனால் எக்ஸ்சேஞ்ச் விலையில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ரிக்கவரிக்கு வாங்கிய பணத்தைக் கடையில் எழுத்தில் கேட்ட பிறகு திருப்பித் தந்தார்கள். மாற்றித் தருவதற்கு வாங்கியதைத் தரவில்லை. நான் கையெழுத்துப் போட்ட ரசீதைக் காட்டுகிறார்கள்.

போன வாரம் ஐயாவின் மகளிடம் பேசினேன். "அப்பாவின் கம்ப்யூட்டர் அப்படியே மேசை மேல்தான் இருக்கிறது, பழையதாகிவிட்டது, யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்" என்றார். அக்கா, நான் வரும் வரை யாரிடமும் கொடுக்காதீர்கள், ஆன் செய்யக்கூட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவரும் தண்டர்பேர்ட்தான் வைத்திருந்தார். அவருடைய சென்ட் ஃபோல்டரில் எனக்கு எழுதியவை இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு காலி டிஸ்கோடு போகிறேன்.