பழைய தேவாலயத்தில் மாலைப் பள்ளி: ஏழாண்டு அனுபவம்

சென்ற வாரம் இராணிப்பேட்டை நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய சபை புதிய ஆலயத்துக்கு மாறிவிட்டதால் நூறாண்டு கடந்த பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. "அண்ணா, வேலூரில் நீங்கள் செய்ததுபோல நாங்களும் அதைச் சமுதாயக் கூடமாக மாற்றலாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேட்டார். எங்கள் கூடத்தின் வடக்குச் சுவரைச் செப்பனிட்ட கொத்தனாருக்குக் கடைசிக் கூலியைக் கொடுத்துவிட்டு வந்திருந்த நாள் அது. ஒரே வார்த்தையில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

முன்பு தேவாலயமாக இருந்த எங்கள் கூடத்தில் வாரத்தில் ஆறு நாள் மாலைப் பள்ளி நடக்கிறது. அவ்வப்போது கண் பரிசோதனை முகாமும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமும் உண்டு. ஏழு ஆண்டுகளாக அங்கே தமிழ் வகுப்பு எடுக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டும் ஊர் இது. அந்த நாட்களிலும் மாலை நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தால் உடம்பு குளிர்ந்துவிடும். இரண்டடிக்குமேல் கனமுள்ள சுண்ணாம்புக் காரைச் சுவர்களும், தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் மச்சும், சூடான காற்று ஏறி வெளியேறும் உயரச் சன்னல்களும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஏசி வாங்கும் பேச்சே எங்களுக்கு எழுந்ததில்லை.

ஆனால் அதே உயரமும் அதே சுவர்களும்தான் என்னை ஏழு ஆண்டுகளாக வாட்டுகின்றன. தொடக்கத்தில், ஆளில்லாத கூடத்தில் ஒருமுறை கைதட்டினால் ஓசை அடங்க மூன்றரை விநாடி ஆனது. கீர்த்தனைகள் பாடுவதற்கு அது வரம், ஏனென்றால் ஒரு சுரம் மறையும் முன்பே அடுத்தது வந்து அதன்மேல் படிகிறது. பேச்சுக்கு ஒரு விநாடி அளவே ஏற்றது. அதற்குமேல் போனால் முந்தைய எழுத்தின் முழக்கம் அடுத்த எழுத்தை மூடிவிடும். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரைக் கூடம் ஒன்றில் இதே குறையை ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கிப் பார்த்து, கூடத்தின் கன அளவும் ஒலியை உறிஞ்சும் பொருள்களின் அளவுமே இந்த நேரத்தை முடிவுசெய்கின்றன என்று கண்டார். எங்கள் கமிட்டியோ பழைய பெஞ்சுகளையும் கனத்த திரைகளையும் அகற்றி, பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, தரை முழுவதும் வழவழப்பான டைல்ஸ் பதித்தது. இருந்த கொஞ்ச உறிஞ்சலும் போயிற்று. சத்தம் போதவில்லை என்று பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டை வைத்தபோது முழக்கம்தான் கூடியது.

அந்த டைல்ஸ் செய்த இன்னொரு தீங்கை இந்த ஆண்டுதான் முழுதாக உணர்ந்தோம். தரை மூச்சுவிட வழியில்லாமல் போனதால் மண்ணின் ஈரம் சுவரில் ஏறியது. சுவரிலும் சிமெண்ட் பூசியிருந்ததால் அது வெளியேற முடியவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மழைக்காலத்தில் வடக்குச் சுவரில் உப்புப் பூக்கத் தொடங்கியது. பிறகு பூச்சு பெயர்ந்து விழுந்தது. இப்போது சிமெண்டைச் செதுக்கியெடுத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசியிருக்கிறோம். முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் செலவில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

முழக்கத்துக்குச் சில மருந்துகள் பலித்தன. தரையில் ஜமுக்காளம் விரித்தோம், பின்சுவர் நெடுகப் புத்தக அலமாரிகளை நிறுத்தினோம், பக்கச் சுவர்களில் கனத்த துணியைச் சட்டமடித்துத் தொங்கவிட்டோம். பெரிய ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு, பிள்ளைகளின் காதுயரத்தில் சிறியவற்றைப் பல இடங்களில் வைத்துச் சத்தத்தைக் குறைத்தோம். மூன்றரை விநாடி இரண்டாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது.

பயன்படாத கட்டடத்தின் கதியை எங்கள் ஊர் நன்றாக அறியும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவரின்றிக் கிடந்தது. ஆங்கிலேயர் அதைப் படைக்கலக் கிடங்காகப் பயன்படுத்தினார்கள். 1981இல்தான் அங்கே மீண்டும் வழிபாடு தொடங்கியது. ஆகவே நண்பரின் கட்டடம் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. அதை வாசகசாலை ஆக்கலாம், பாட்டு வகுப்புக்குக் கொடுக்கலாம், மருத்துவ முகாம் நடத்தலாம். பள்ளிக்கூடம் ஆக்குவதாக இருந்தால், குளிர்ச்சியை எவ்வளவு புகழ்ந்திருந்தாலும், இன்றைய என் பதில் வேண்டாம் என்பதுதான். நேற்று மாலை சொல்வதெழுதுதலில் 'கிளி' என்றேன். கடைசி வரிசையில் நான்கு பிள்ளைகள் 'கிழி' என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி 'கிலி' என்று எழுதியிருந்தாள். அவர்களுக்கு மதிப்பெண் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.