திரும்பிப் போக எது நல்லது: மேலே இருக்கும் அம்புக்குறியா, போனின் சொந்த பேக்கா?

பெங்களூரு அல்சூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு ஆர்டர் ஆப் செய்து கொடுத்தோம். முதல் தடவை, திரையின் இடது மேல் மூலையில் நாங்கள் வைத்த அம்புக்குறியை நம்பினோம். அடுத்த தடவை, பொறுப்பை ஆண்ட்ராய்டின் பேக்கிடமே விட்டுவிட்டோம். இரண்டையும் ஓட்டிப் பார்த்த பிறகு என் ஓட்டு பேக்குக்குத்தான்.

அம்புக்குறி கண்ணுக்குத் தெரியும், யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் பெரிய போனை ஒரு கையில் பிடித்தால் கட்டைவிரல் அங்கே எட்டாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே.

முடிவு செய்தது வேறு விஷயம்: அது எங்கே கொண்டுபோய் விடுகிறது? எங்கள் அம்பு, பொருளின் பக்கத்திலிருந்து அதன் பிரிவுக்குப் போகும்படி எழுதப்பட்டிருந்தது. போனில் வந்த ஆர்டரைப் பதிய அண்ணாச்சி 'பருப்பு' என்று தேடி, கீழே வரை தள்ளி, ஒரு பாக்கெட்டைத் திறந்தார். அம்பைத் தட்டினால் 'பலசரக்கு' பக்கம் வந்து நின்றது. "தம்பி, நான் எங்கே இருந்தேனோ அங்கே விடு. வாசலுக்குக் கூட்டிட்டுப் போய் விடாதே" என்றார்.

உள்ளே பார்த்தால் இன்னும் மோசம். அம்பு பழைய பக்கத்துக்குத் திரும்பாமல், புதிதாக ஒரு பக்கத்தை மேலே அடுக்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து போனின் பேக்கை அழுத்தினால் மறுபடி அதே பாக்கெட். செக்குமாடு போல ஒரே சுற்று. சலுகைப் பக்கம் சேர்ந்தபோது, ஒரே பொருளுக்கு வர மூன்று வழி. ஒவ்வொன்றுக்கும் அம்பு எங்கே போகவேண்டும் என்று தனித்தனியாக எழுதினோம். பேக்குக்கு இந்த வேலையே இல்லை, வந்த வழியை, திறந்த பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் அடுக்கே நினைவில் வைத்திருக்கும். இப்போது அம்பும் அதே அடுக்கிலிருந்து மேல் பக்கத்தை எடுக்கிறது. வாட்ஸ்அப் இணைப்பைத் தட்டி வந்தவருக்கு மட்டும் விலக்கு: பேக் வாட்ஸ்அப்புக்குத் திரும்பும், அம்பு கடையின் முகப்புக்குப் போகும்.

பேக்கிலும் தொந்தரவு உண்டு. ஆண்ட்ராய்டு 10 (2019) வந்ததிலிருந்து இரண்டு ஓரங்களிலிருந்தும் தேய்த்துத் திரும்பலாம். இடது ஓரத்திலிருந்து இழுக்கும் எங்கள் மெனு அதோடு மோதியது. ஓரத்தில் கொஞ்ச இடத்தை ஆப் தனக்கென்று கேட்டு வாங்கலாம், ஆனால் ஒரு ஓரத்துக்கு 200 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) உயரம்தான். மெனுவையே எடுத்துவிட்டு, அடியில் நான்கு டேப் வைத்தோம். பாதி நிரப்பிய முகவரி தவறிப் போகாமலிருக்க, வெளியேறும் முன் ஒரு கேள்வியும் சேர்த்தோம். பராமரிப்பும் உண்டு: ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்த ஆப்பில், பேக் அழுத்தினால் ஓடும் பழைய ஆன்பேக்பிரஸ்டு முறை அந்தப் பதிப்பு ஓடும் போனில் அழைக்கப்படுவதே இல்லை. அதை நம்பி எழுதியவர்கள் மாற்றி எழுதியாக வேண்டும்.

ஐபோன் வாடிக்கையாளர்கள் எங்களுக்கு விரல்விட்டு எண்ணும் அளவுதான். அங்கே என் பேச்சை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். தனி பேக் பொத்தான் இல்லாததால் அங்கே அம்பு வேண்டும். ஐஓஎஸ் 7 (2013) முதல் இடது ஓரத்தில் தேய்த்தும் திரும்பலாம். ஆப்பிளின் திரைக் கருவித்தொகுப்பான யுஐகிட் தரும் அம்பை நீக்கி அந்த இடத்தில் சொந்தப் படம் வைத்தால் அந்தத் தேய்ப்பு நின்றுபோகும். நாங்கள் வைத்த படத்தை அதனாலேயே கழற்றிவிட்டோம்.