தோல் பூட்ஸ்: போடப் போட எது சரியாகும், எது சரியாகாது

கணுக்கால் உயரத் தோல் பூட்ஸைக் காலில் மாட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தால் விற்பவர் தவறாமல் சொல்லும் பதில், “போடப் போடச் சரியாகிவிடும்.” இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. தெரியாமல் வாங்கினால் கொப்புளமும் கால் ஆணியும்தான் மிச்சம்.

சில ஆண்டுகளாக இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிந்து வருகிறேன். ஒன்று லேஸ் கட்டும் பூட்ஸ்: தடித்த மாட்டுத் தோல், வெல்ட் (மேல்தோலையும் சோலையும் இணைக்கும் விளிம்புப் பட்டை) வைத்துத் தைத்த சோல். மற்றொன்று பக்கவாட்டில் எலாஸ்டிக் வைத்த செல்சீ வகை: மெல்லிய தோல், பசையால் ஒட்டிய சோல். என்னுடையது நாள் முழுவதும் நின்றும் நடந்தும் பார்க்கும் வேலை. என் பாதம் முன்பக்கம் அகலம், குதிகால் ஒடுக்கம், இடது பாதம் வலதைவிடச் சற்று நீளம். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. எப்படிப்பட்ட பாதம் என்று சொல்லாமல் “மெத்தை மாதிரி இருக்கிறது” என்று எழுதப்படும் மதிப்புரையால் யாருக்கும் பயனில்லை. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரை அதைவிட மோசம். தோல் பூட்ஸின் குணம் முதல் வாரத்தில் தெரியாது.

தோல் என்பது பின்னிக்கிடக்கும் நார்களின் அடுக்கு. காலின் சூடும் வியர்வையின் ஈரமும் நடையின் அழுத்தமும் சேரும்போது அந்த நார்கள் மெல்ல நகர்ந்து, பாதத்தின் வடிவத்துக்கு இடம் விடுகின்றன. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. விரல் நுனிப் பகுதியின் உள்ளே விறைப்பான ஒரு துண்டு வைத்திருப்பார்கள். குதிகாலைச் சுற்றி அதைவிடக் கெட்டியான இன்னொரு துண்டு இருக்கும். அடியில் இன்சோல், அதாவது உள்ளங்கால் படியும் உள்தளம்; அதன் நடுப்பகுதியில் பாதத்தின் வளைவைத் தாங்க ஓர் இரும்புப் பட்டை அல்லது மெல்லிய மரத்துண்டு. ஆகவே பூட்ஸ் அகலத்தில் தளரும், புறங்காலின் மேல் தளரும், கணுக்காலைச் சுற்றித் தளரும். நீளத்தில் தளராது. விரல் இடித்தால் இன்றும் இடிக்கும், அடுத்த ஆண்டும் இடிக்கும்.

நீளத்திலும் இரண்டு வகை உண்டு என்பதைக் கடைகளில் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. குதியிலிருந்து விரல் நுனி வரை ஒரு நீளம். குதியிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரை, அதாவது நடக்கும்போது பாதம் மடியும் இடம் வரை, இன்னொரு நீளம். 1920களில் சார்லஸ் பிரானக் உருவாக்கிய உலோக அளவுகோல் இந்த இரண்டையும் அகலத்தையும் சேர்த்தே அளக்கும். பூட்ஸுக்கு இரண்டாவது நீளம்தான் முக்கியம். பூட்ஸ் மடியும் இடமும் பாதம் மடியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். பூட்ஸ் உங்கள் மூட்டுக்கு முன்னால் மடிந்தால் மடிப்பு விரல்களின் மேல் வந்து அழுத்தும். பின்னால் மடிந்தால் சோலின் கெட்டியான நடுப்பகுதியோடு ஒவ்வோர் அடியிலும் மல்லுக்கட்ட வேண்டும். சோதிப்பது எளிது. பூட்ஸைக் கட்டிக்கொண்டு குதியைத் தூக்கி, முன்பாதத்தில் நில்லுங்கள். மடிப்பு எங்கே விழுகிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். என் பாதத்தின் நீளத்துக்குக் கால் விரல்கள் குட்டை என்று சொல்லலாம். விரல் நுனிக் கணக்குப்படி ஓர் அளவு, மூட்டுக் கணக்குப்படி அதற்கு அரை அளவு மேல். மூட்டுக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். விரலுக்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அளவு எண்களை நம்ப வேண்டாம். பிரிட்டிஷ் எண்ணில் ஒரு படி என்பது மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணில் ஒரு படி 6.67 மில்லிமீட்டர். இரண்டு கணக்கும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. அதனால்தான் ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டவணையும் ஒவ்வொரு பதில் சொல்கிறது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். பெரிய பாதத்துக்கு வாங்குங்கள். லேஸ் பூட்ஸ் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லேஸை இறுக்கிய பிறகு இரண்டு பக்கத் தோலும் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. புதிதில் நடுவே ஒரு விரல் அகல இடைவெளி இருப்பது நல்லது. தோல் தளரத் தளர அந்த இடைவெளிதான் குறைந்துகொண்டே வரும். ஏற்கெனவே முட்டிவிட்டால் பிறகு இறுக்க இடமிருக்காது.

குதிகால் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. வெல்ட் வைத்துத் தைத்த புது பூட்ஸில் குதி லேசாகத் தூக்கிக்கொண்டு வருவது இயல்பு. சோல் இன்னும் வளையப் பழகவில்லை. கால் வளைகிறது, சோல் வளையவில்லை, இரண்டுக்கும் நடுவே குதி உயர்கிறது. சோல் வளையத் தொடங்கியதும் இது குறைந்துவிடும். என் லேஸ் பூட்ஸில் அப்படித்தான் குறைந்தது. ஆனால் குதிப் பகுதியே உங்கள் காலுக்குப் பெரிது என்றால் அது ஒருநாளும் குறையாது. லேஸைத் தளர்த்தி, விரல் முன்னால் தொடும்வரை காலை நகர்த்தி, குதிக்குப் பின்னால் கைவிரலை நுழைத்துப் பாருங்கள். ஒரு விரல் நுழைந்தால் பரவாயில்லை. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தச் சோதனையில் தோற்ற ஒரு ஜோடியை, நிறம் அவ்வளவு அழகாக இருந்தும், நான் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பழக்கும் கட்டத்துக்கு வருகிறேன். முதலில் வீட்டுக்குள், சுத்தமான தரையில், மாலையில் ஓர் அரை மணி நேரம், பிறகு ஒரு மணி நேரம். சோலில் அழுக்குப் படாதவரை திருப்பிக் கொடுக்கும் உரிமையும் கையில் இருக்கும். உட்கார்ந்தபடி போட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பயனில்லை. படி ஏறி இறங்கினால் சோல் வேகமாக வளையப் பழகும். முதல் மடிப்பு விழும் தருணத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள். பூட்ஸைக் கட்டிக்கொண்டு, மடிப்பு விழ வேண்டிய இடத்தில் ஒரு பேனாவைக் குறுக்கே வைத்து அழுத்திப் பிடித்தபடி குதியைத் தூக்கினால், மடிப்பு அந்தக் கோட்டிலேயே விழும். தோல் ஒருமுறை மடிந்த இடத்தில்தான் பிறகு எப்போதும் மடியும். நான் வலது பூட்ஸுக்கு இப்படிச் செய்தேன். இடது பூட்ஸ் அதற்குள் தானாகவே மடிந்துவிட்டது. இன்றைக்கும் வலது மடிப்பு நேர்கோடு. இடது மடிப்பு சாய்வாக ஓடி, பெருவிரல் மூட்டின் மேல் ஒரு முடிச்சுபோலத் திரண்டு நிற்கிறது. அந்த முடிச்சு ஆரம்பத்தில் நன்றாகவே கடித்தது. அந்த இடத்தில் மட்டும் தோலுக்கான கண்டிஷனரை மெல்லியதாகத் தடவி, கரண்டிக் காம்பின் வளைந்த முனையால் உள்ளிருந்து தேய்த்துத் தேய்த்து இளக்கினேன். கடி போனது, சாய்வு போகவில்லை.

லேஸ் கட்டும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. முன்பாதத்தில் தளர்வாக விட்டு, கணுக்கால் மடியும் இடத்தில் லேஸை இரண்டு முறை சுற்றிப் பூட்டி, அதற்கு மேல் தனியாக இறுக்கினால் குதி பின்னால் போய் உட்காரும். லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு ஒரு பக்கமாக நழுவும் பூட்ஸில் இது கட்டாயம். குதியில் கொப்புளம் வந்த பிறகு பிளாஸ்டர் ஒட்டுவதைவிட, வரப்போகிறது என்று தெரிந்த இடத்தில் முன்கூட்டியே ஒட்டிவிடுவது மேல். மெல்லிய சாக்ஸின் மேல் தடித்த சாக்ஸ் போட்டால் உராய்வு இரண்டு சாக்ஸுக்கு நடுவில் நடக்கும், காலின் தோலுக்கு விடுதலை.

சுண்டுவிரல் பக்கம் மட்டும் அழுத்தினால் காத்திருக்க வேண்டியதில்லை. செருப்பு தைப்பவர்களிடம் ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் வளையமும் கொண்ட இடுக்கி இருக்கும். அழுத்தும் இடத்தைத் துல்லியமாகக் காட்டினால், அந்த ஓர் இடத்தை மட்டும் வெளியே தள்ளிக் கொடுப்பார்கள். எனக்கு அது உடனே பலன் கொடுத்தது. முழு பூட்ஸையும் அகலப்படுத்தும் மரக்கட்டையைவிட இது நல்ல வழி, ஏனென்றால் மற்ற இடங்களின் பிடி கெடுவதில்லை.

இனிச் செய்யக் கூடாதவை. முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டச் சொல்வார்கள். சூடு தோலின் எண்ணெயை உறிஞ்சும், ஒட்டுப் பசையை இளக்கும். தண்ணீர்ப் பையை உள்ளே வைத்து உறைய வைக்கச் சொல்வார்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவது சரிதான், ஆனால் அது எந்தத் திசையில் தள்ளும் என்பது உங்கள் கையில் இல்லை. தையல் விட்டுப்போனால் பையை யார் கேட்பது? முழுக்க நனைத்துக் காலிலேயே காயவிடும் பழைய முறையும் வேண்டாம். விரைவாகப் பழகும், விரைவாக வெடிக்கவும் செய்யும்.

எந்த வலியைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. கழற்றிய சிறிது நேரத்தில் மறையும் சிவப்பு என்றால் தொடரலாம். விரல் மரத்துப்போவது, பாதத்தின் அடியில் மின்சாரம் பாய்வதுபோல் சுண்டுவது, ஒரே இடத்தில் எலும்பின் மேல் வலிப்பது ஆகியவை பழகிச் சரியாகும் வகை அல்ல. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் “பழக்குவது” என்ற பேச்சுக்கே போகக் கூடாது. அவர்களுக்குக் கொப்புளம் வருவதே தெரியாமல் அது புண்ணாகிவிடும். போட்ட முதல் நிமிடத்திலேயே வசதியாக இருக்கும் காலணிதான் அவர்களுக்கு ஏற்றது.

செல்சீ பூட்ஸுக்கு இவ்வளவு பாடு இல்லை. விக்டோரியா அரசியின் காலணி செய்தவரான ஸ்பார்க்ஸ் ஹால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்புரிமை பெற்ற எலாஸ்டிக் பூட்ஸின் வழி வந்தது இது. குனிந்து கட்ட வேண்டியதில்லை, இழுத்து மாட்டிக்கொண்டு போகலாம். மெல்லிய தோல், எளிதில் வளையும் சோல் என்பதால் சீக்கிரமே காலோடு சேர்ந்துவிட்டது. புதிதில் எது வசதி என்று கேட்டிருந்தால் தயங்காமல் இதைத்தான் காட்டியிருப்பேன். ஆனால் லேஸ் இல்லாத பூட்ஸில் புறங்காலின் மேல் விழும் பிடியை நீங்கள் திருத்த முடியாது. தோல் தளர்ந்தால் தளர்ந்ததுதான். எலாஸ்டிக்கும் நாளடைவில் சோர்ந்துவிட்டது, இப்போது மேல் விளிம்பு கணுக்காலை விட்டு விலகி நிற்கிறது. வலது சோலின் முன்முனை ஒருமுறை வாய் பிளந்தது, ஒட்டிக் கொடுத்தார்கள்.

லேஸ் பூட்ஸ் நேர்மாறு. முதலில் பிடிவாதம் பிடித்தது, பிறகு இணங்கிவிட்டது. இன்சோலுக்கும் சோலுக்கும் நடுவே நிரப்பியிருக்கும் கார்க் என் எடையில் அமுங்கி, பாதத்தின் வடிவத்துக்குக் குழிந்திருக்கிறது. இன்சோலை வெளிச்சத்தில் பார்த்தால் ஐந்து விரலும் கருமையாகப் பதிந்திருப்பது தெரியும், பெருவிரல் பள்ளம் மட்டும் பளபளப்பாக. நீண்ட நேரம் நின்றாலும் பாதத்தின் வளைவு வலிப்பதில்லை. கனம் மட்டும் குறையவில்லை. வெயில் காலத்தில் உள்ளே வேகும், அதை மறைப்பதற்கில்லை.

பராமரிப்பில் நான் கறார் இல்லை. ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போடுவதில்லை, உள்ளே இறங்கிய வியர்வை உலர ஒரு நாள் வேண்டும். கழற்றியதும் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே மரக்கட்டையைச் செருகிவிடுவேன். நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைப்பேன். எண்ணெயும் மெழுகும் எப்போதாவதுதான், அதிகம் பூசினால் தோல் தொய்ந்து நிறமும் கருத்துவிடுகிறது.

இப்போது இரண்டு ஜோடியின் சோலும் தேய்ந்திருக்கின்றன. லேஸ் பூட்ஸில் வெல்ட் தையலைப் பிரித்துப் புது சோல் தைக்கலாம், மேல்தோலைத் தொட வேண்டியதில்லை. அதைக் கொடுத்துவிட்டேன், பழைய கார்க்கில் முடிந்தவரை கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். செல்சீக்குப் புது சோல் ஒட்டுவதோடு எலாஸ்டிக்கையும் பிரித்து மாற்ற வேண்டும், இரண்டும் சேர்ந்தால் புதிதின் விலையை நெருங்குகிறது. அதனால் அதை அப்படியே பக்கத்துக் கடைக்கும் தபால் பெட்டிக்கும் போய்வர வைத்துக்கொள்கிறேன்.