ஃபெட்டின் எச்.4.1 வார அறிக்கை: பொறுப்புகளைப் படிப்பது எப்படி?

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் தன் இருப்புநிலைக் குறிப்பை வியாழன்தோறும் வாஷிங்டன் நேரப்படி மாலை 4.30 மணிக்கு வெளியிடுகிறது. பெயர் எச்.4.1. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். செய்திகள் இதிலிருந்து பெரும்பாலும் மொத்தச் சொத்து என்ற ஒரே எண்ணை எடுத்துக்கொண்டு போய்விடும். பணம் எங்கே இறுகுகிறது என்று அறிய அந்த எண் போதாது. இந்த அறிக்கையின் உண்மையான சரக்கு பொறுப்புகள் பகுதியில், அதாவது ஃபெட் பிறருக்குத் தர வேண்டியவற்றின் பட்டியலில்தான் இருக்கிறது.

முதல் அட்டவணை புதியவரை மிரட்டும். அதில் சொத்து, பொறுப்பு என்று பிரிக்காமல், வங்கிகளின் இருப்பை (அவை ஃபெட்டில் போட்டுவைத்திருக்கும் பணத்தை)க் கூட்டும் காரணிகள், உறிஞ்சும் காரணிகள் என்று போட்டிருப்பார்கள். அதைத் தாண்டிக் கீழே இறங்கி, 12 ரிசர்வ் வங்கிகளுக்கும் பொதுவான ஒருங்கிணைந்த நிலை அறிக்கையில் தொடங்குவது நல்லது. ரூபாய் நோட்டுக்கு நிகராக அங்கே டாலர் நோட்டு, பிறகு ரிவர்ஸ் ரெப்போ (பத்திரங்களை ஈடாகக் கொடுத்து ஃெபட் பிறரிடமிருந்து குறுகிய காலத்துக்கு வாங்கும் பணம்), வங்கிகளின் டெபாசிட், கருவூலத்தின் பொதுக் கணக்கு (அமெரிக்க அரசு ஃபெட்டில் வைத்திருக்கும் கணக்கு), கடைசியில் மூலதனம் என்று வரிசையாக வரும். இரண்டு அட்டவணைகளிலும் பணப் புழக்கம் ஒத்துப்போகவில்லையே என்று திகைக்க வேண்டாம். முதல் அட்டவணை நாணயங்களையும் சேர்க்கிறது. நாணயம் கருவூலத்தின் வெளியீடு, ஃபெட்டின் பொறுப்பு அல்ல.

எண்கள் எல்லாம் மில்லியன் டாலரில் இருக்கும். கடைசி இலக்கத்தை வெட்டினால் கோடி கிடைக்கும்.

படிக்க வேண்டிய முறை இதுதான்: கருவூலக் கணக்கு, ரிவர்ஸ் ரெப்போ, வங்கி டெபாசிட் ஆகிய மூன்றையும் சேர்த்தே பாருங்கள். ஒரு நிறுவனம் வரி கட்டினால், அதன் வங்கி ஃபெட்டில் வைத்திருக்கும் இருப்பு குறைந்து, கருவூலக் கணக்கு அதே அளவு ஏறும். மொத்தம் அப்படியே இருக்கும். வங்கிகளின் கை மட்டும் காயும். 2019 செப்டம்பர் நடுவில் இப்படித்தான் நடந்தது. நிறுவன வரித் தவணையும் புதிய கடன்பத்திரங்களுக்குப் பணம் கட்டும் நாளும் ஒன்றாக விழுந்தன. 17ஆம் தேதி, அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்து ஓரிரவுக்கு வாங்கும் கடனின் (ரெப்போ) வட்டியான சோஃபர் 5.25 சதவீதத்துக்குத் தாவியது. வங்கிகளின் இருப்பு என்பது மற்றவர்கள் எடுத்ததுபோக மிஞ்சுவது. கடன் கொடுத்து அதைத் தீர்த்துவிட வங்கிகளால் முடியாது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நகரும், அவ்வளவே.

ரிவர்ஸ் ரெப்போவில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. வெளிநாட்டு மத்திய வங்கிகளுக்கானது ஒன்று; பணச் சந்தை நிதிகள் முக்கியமாகப் பயன்படுத்தும் 'மற்றவை' இன்னொன்று. சந்தைப் பேச்சில் அடிபடுவது இரண்டாவது. இரண்டின் கூட்டலை எடுத்தால் கணக்கு பிசகும்.

பெரிய குறை, ஒருங்கிணைந்த நிலை அறிக்கை நிலுவைகளை புதன்கிழமை மாலை நிலவரமாக மட்டுமே காட்டுவது. அந்த 'மற்றவை' 2022 டிசம்பர் 30, வெள்ளியன்று 2.55 லட்சம் கோடி டாலர் என்ற உச்சத்தைத் தொட்டது. புதன் நிலவரத்தில் அது தெரியாது. வாரச் சராசரிக்குள் கரைந்துவிட்டது. சராசரியும் பக்கத்திலேயே முதல் அட்டவணையில் இருப்பதால், அவசரத்தில் ஒன்றைப் புதன் எண்ணாகவும் மற்றொன்றைச் சராசரியாகவும் எடுத்துக் கழிப்பவர்கள் அதிகம். செயின்ட் லூயிஸ் ரிசர்வ் வங்கியின் ஃபிரெட் தரவுத் தளத்திலிருந்து இறக்குபவர்களுக்கு இன்னொரு குழி: மொத்தச் சொத்து மில்லியனில், தினசரி ரிவர்ஸ் ரெப்போ பில்லியனில்.

மிகவும் விசித்திரமான வரி, கருவூலத்துக்குச் செலுத்த வேண்டிய வருவாய். 2022 இலையுதிர் காலத்திலிருந்து அது மைனஸில் ஓடியது. 2024 முடிவதற்குள் 20,000 கோடி டாலரைத் தாண்டியது. வங்கி இருப்புக்கும் ரிவர்ஸ் ரெப்போவுக்கும் கொடுத்த வட்டி, கையிலுள்ள பத்திரங்களின் வருமானத்தை விழுங்கியதே காரணம். ஃபெட் இதை ஒத்திவைத்த சொத்து என்கிறது. வருங்கால லாபத்தில் ஈடுகட்டும்வரை கருவூலத்துக்கு வழக்கமான தொகை போகாது. சட்டப்படி ஃபெட்டின் உபரி நிதிக்கு உச்சவரம்பு 678.5 கோடி டாலர்தான். இந்த இழப்பை மூலதனத்தில் கழித்திருந்தால் அது மைனஸாகியிருக்கும். செயல்பாடு நிற்காது, ஏனென்றால் வட்டியைத் தானே உருவாக்கும் இருப்பால் கொடுத்துவிடுகிறது. ஆனாலும் இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு மைனஸ் குறிக்கும் அடிக்குறிப்புக்கும் விட்டது வாசகருக்குச் செய்த உதவி அல்ல.

தினசரி அசைவு வேண்டுமானால் நியூயார்க் ரிசர்வ் வங்கியின் ரிவர்ஸ் ரெப்போ முடிவுகளையும் கருவூலத்தின் தினசரி அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிகளின் இருப்புக்கு மட்டும் வியாழன்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.