அடுக்குச் சமன்பாடுகளுக்கு கேசியோ 991: பல வருடப் பழக்கத்தில் சொல்வது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறையில் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தமிழ் மீடியம், மலையாள மீடியம் இரண்டிலும் படிப்பவர்கள் வருகிறார்கள். பல வருடமாகக் கையில் இருப்பது கேசியோ எஃப்எக்ஸ்-991 இஎஸ் பிளஸ் கால்குலேட்டர். அடுக்கில் x வரும் சமன்பாடுகளுக்கு இதிலுள்ள சால்வ் வசதி (x-இன் மதிப்பைத் தானே கண்டுபிடித்துத் தருவது) எவ்வளவு உதவும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

சமன்பாட்டை அப்படியே அடிக்கலாம். ஆல்ஃபா பொத்தானோடு கால்க் பொத்தானை அழுத்தினால் சமக்குறி, ஷிப்டோடு அதே கால்க் அழுத்தினால் சால்வ். அடுக்கை அடித்ததும் வலது அம்புக்குறியை அழுத்தி வெளியே வந்துவிட வேண்டும். வராவிட்டால் அடுத்து அடிப்பதெல்லாம் அடுக்குக்குள்ளேயே ஏறிவிடும். 2ˣ + 1 என்று நினைத்து அடித்தது 2ˣ⁺¹ ஆகி நிற்கும். புதிதாகத் தொடும் பிள்ளைகளுக்கு முதலில் நான் சொல்லித் தருவது இதைத்தான்.

1.08ˣ = 2 என்று கொடுங்கள், 9.006 வரும். 8 சதவீதக் கூட்டு வட்டியில் போட்ட பணம் இரட்டிப்பாக ஒன்பது வருடம் ஆகும் என்று அர்த்தம். மடக்கை (லாகரிதம்) இன்னும் படிக்காத பிள்ளைக்கும் இது உடனே புரிகிறது.

ஆனால் ஒரு தடவைக்கு ஒரு விடைதான் தரும். உள்ளே நடப்பது நியூட்டன் முறை: நாம் கொடுக்கும் தொடக்க எண்ணில், சமன்பாட்டின் இரு பக்க வித்தியாசத்தை வரைந்த வளைகோட்டுக்குத் தொடுகோடு போட்டு, அது x அச்சை வெட்டும் இடத்துக்கு நகர்ந்து, அங்கே மறுபடி தொடுகோடு. அதனால் எங்கே தொடங்குகிறோமோ, அதைப் பொறுத்துத்தான் விடை. 4ˣ − 6·2ˣ + 8 = 0 என்பதில் 0 கொடுத்தால் 1 வரும், 3 கொடுத்தால் 2 வரும். 2ˣ = t என்று வைத்து இருபடியாக்கிப் போட்ட பிள்ளைக்கு இரண்டு விடை இருப்பது முன்பே தெரியும். மெஷினை மட்டும் நம்பியவன் ஒன்றோடு எழுந்துவிடுவான்.

2ˣ = x² இன்னும் நல்ல சோதனை. 2, 4 இரண்டையும் பிள்ளைகள் மனதிலேயே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, யாருக்கும் தோன்றாது. இங்கே மோடு 7, அதாவது x-க்கு வரிசையாக எண்களைப் போட்டு மதிப்புகளைப் பட்டியலிடும் டேபிள், எனக்கு சால்வைவிடப் பெரிய உதவி. 2ˣ − x² என்று கொடுத்து −1 முதல் 5 வரை ஓடவிட்டால் −0.5, 1, 1, 0, −1, 0, 7 என்று வரிசையாக வரும். முதல் இரண்டுக்கும் நடுவில் குறி மாறுகிறது பாருங்கள், விடை அங்கேதான். இப்போது சால்வுக்கு −1 கொடுத்தால் −0.76666 என்று வந்து நிற்கும். அந்தக் குறிமாற்றத்தை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது எனக்கு வரும் சந்தோஷம் தனி.

அப்புறம், −2² அடித்தால் −4 தரும். அது சரியான விடைதான். 4 வேண்டுமென்றால் அடைப்புக்குறி போட்டு (−2)² என்று அடிக்க வேண்டும். எக்செல் அதே −2²-க்கு 4 தருகிறது. இரண்டையும் பயன்படுத்துகிறவர்கள் கவனம்.

சோலாரோடு ஒரு எல்ஆர்44 பட்டன் செல்லும் இருப்பதால் சார்ஜ் கவலை இல்லை. பள்ளிப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா என்று பெற்றோர் கேட்டால், பிளஸ் ஒன்னில் மடக்கை படித்த பிறகு வாங்குங்கள் என்பேன். அதுவரை காகிதத்தில் அடிமானங்களைச் சமமாக்கிப் போடட்டும்.