பழைய ஜிப்ஸிக்கு எந்த ஸ்பார்க் பிளக்: களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி கிங். 1298 சிசி, எட்டு வால்வு, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கருவி) உள்ள வண்டி. களக்காட்டை ஒட்டிய வாழைத் தோட்டங்களுக்கும், மலையடிவாரத்து வண்டிப்பாதைகளுக்கும், நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலிக்கும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிற இந்த வண்டியில் சாதாரண நிக்கல், பிளாட்டினம், இரிடியம் ஆகிய மூன்று வகைப் பிளக்குகளையும் போட்டு ஓட்டியிருக்கிறேன். வெப்ப எண்ணையும் மாற்றிப் பார்த்திருக்கிறேன். இன்று வண்டியில் இருப்பது என்.ஜி.கே. நிறுவனத்தின் பி.பி.ஆர்.6.இ.எஸ். (BPR6ES) என்னும் சாதாரண நிக்கல் பிளக். இதைவிட விலை கூடிய இரண்டையும் விட்டுவிட்டு இதற்கே திரும்பியதற்குக் காரணங்கள் உண்டு. பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அவை உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் 'பி' (B) என்பது மரையின் விட்டம் 14 மி.மீ. என்பதையும், ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணம் 20.8 மி.மீ. என்பதையும் குறிக்கிறது. இரண்டாவது 'பி' (P), பீங்கான் மூக்கு வெளியே நீண்டிருக்கும் அமைப்பு. 'ஆர்' என்பது உள்ளே மின்தடை இருப்பதைச் சொல்கிறது. 6 என்பது வெப்ப எண். 'இ' என்பது மரையின் நீளம் 19 மி.மீ. என்பதாகும். இவற்றுள் மரை நீளத்தில் மட்டும் யாரும் சமரசம் செய்யக் கூடாது. 12.7 மி.மீ. நீளமுள்ள பிளக்கை மாட்டினால் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் பொறி குழிக்குள்ளேயே விழும், பிளக் இறங்கும் எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டில் மிச்சமிருக்கும் மரையில் கரி அடைத்துக்கொள்ளும், பின்னால் சரியான பிளக்கைப் போடும்போது அது முழுதாக இறங்காது. தேவைக்கு மேல் நீளமானதைப் போட்டால் பிஸ்டனிலேயே இடிக்கலாம். 2000ஆம் ஆண்டு முதல் வந்த பதினாறு வால்வு எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைத் தெளித்துக் கொடுக்கும் அமைப்பு) ஜிப்ஸியில் அறுகோணம் 16 மி.மீ. கொண்ட பி.கே.ஆர். வரிசைப் பிளக்தான் பொருந்தும். ஆகவே "ஜிப்ஸி பிளக்" என்று மட்டும் கேட்டு வாங்குவது போதாது.

வெப்ப எண்ணில்தான் குழப்பம் அதிகம். மூக்கின் சூட்டை விரைவாக வெளியே கடத்திவிடுவது குளிர்ந்த பிளக்; மெதுவாகக் கடத்துவது சூடான பிளக். என்.ஜி.கே., டென்சோ பிளக்குகளில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடக் கூடச் சூடான வகை. 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோதான் 2008இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் எந்தப் பிளக்கையும் மைக்கோ பிளக் என்றே சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் எண்ணையும் பொதுவானதாக எடுத்துக்கொள்கிறார்கள். பாஷ் 7 போட்டிருந்த வண்டிக்கு என்.ஜி.கே. வாங்கப் போனபோது, கடையில் இருந்த தம்பி, "அண்ணாச்சி, பழசுல ஏழுதான இருக்கு, ஏழே எடுத்துட்டுப் போங்க" என்று பெட்டியை நீட்டினார். பாஷ் 7க்கு ஈடு என்.ஜி.கே. 6, டென்சோவில் 20. என்.ஜி.கே. 7ஐப் போட்டால் ஒரு படி குளிர்ந்த பிளக்காகிவிடும். தோட்டத்துக்குள் மெதுவாக ஊர்கிற வண்டியில் அது சீக்கிரமே கரியடைத்துவிடும்.

ஏன் கரியடைக்கும் என்றால், பிளக்கின் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும்; 850 டிகிரியை ஒட்டி மிஞ்சிப் போனால் பொறி விழும் முன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் அபாயம் வரும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில் நிற்பதுதான் சரியான பிளக். என் வண்டிக்கு இரண்டு வாழ்க்கை இருக்கிறது. காலையில் சோக் இழுத்து (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்து) ஸ்டார்ட் செய்து, சேறான வரப்போரம் ஃபோர் வீல் லோ என்னும் மெதுவான நான்கு சக்கர கியரில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு ஊர்ந்து, அங்கங்கே ஐட்லிங்கில் நிற்பது ஒன்று. சித்திரை வெயிலில் வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறு வரை தேசிய நெடுஞ்சாலை 44இல் சுமையோடு ஓடுவது மற்றொன்று. முதல் வேலைக்குச் சூடான பிளக் நல்லது. இரண்டாவதற்குக் குளிர்ந்தது நல்லது. இரண்டுக்கும் சேர்த்து ஒன்றைத்தான் போட முடியும்.

நண்பர் ஒருவரின் யோசனைப்படி ஒரு படி சூடான 5ஐச் சில காலம் போட்டிருந்தேன். மழைக்காலத்தில் அது மிக நன்றாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் காலை ஸ்டார்ட்டிங்கில் மிஸ் அடிப்பது, அதாவது எஞ்சின் விட்டு விட்டு ஓடுவது, நின்றது. கோடை வந்து நெடுஞ்சாலை ஓட்டம் கூடியபோது பீங்கான் மூக்கு சுண்ணாம்பு நிறத்துக்கு வெளுத்தது; மின்முனையின் விளிம்புகளும் 6ஐவிட விரைவாகத் தேய்ந்தன. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டு சுமையோடு ஓட்ட மனம் ஒப்பவில்லை. தோட்டத்தைவிட்டு வெளியே போகாத வண்டிக்கு, கம்பெனிப் புத்தகம் அனுமதிக்குமானால், 5 தாராளமாகப் பொருந்தும் என்பதே என் கருத்து.

6ஐ மீண்டும் போட்டபோது கரி வராமல் இருந்ததற்குக் காரணம் பிளக் அல்ல, கார்புரேட்டர். சோக் முழுதாகத் திரும்பாமல் நின்றிருந்ததைச் சரிசெய்து, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் அளவான ஃப்ளோட் மட்டத்தையும் பார்த்த பிறகு அதே 6 பழுப்பு நிறத்தில் வரத் தொடங்கியது. கலவையின் கோளாறை வெப்ப எண்ணை மாற்றி மறைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். நோய் அங்கேயே இருக்க, அதைக் காட்டுகிற கண்ணாடியை மட்டும் மாற்றுவது போன்றது அது.

பிளக்கின் நிறத்தைப் பார்ப்பதற்கும் முறை உண்டு. ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக் எப்போதும் கறுத்தே தெரியும். ஆகவே சுமையோடு நன்றாக ஓட்டிவந்து, ஐட்லிங்கில் விடாமல் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். பிறகு ஹெட் நன்றாக ஆறிய பின்புதான் கழற்ற வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து கழற்றினால் மரை போய்விடும். கழற்றிய நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணியில் அடுக்கிப் பாருங்கள். நான்கும் வெளிர்பழுப்பாக இருந்தால் நல்லது. நான்கும் காய்ந்த கறுப்பாக இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம். ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு நனைந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வு சீலையோ ரிங்கையோ பார்க்க வேண்டும். அதற்கு எந்தப் பிளக்கும் மருந்தாகாது. வெளிப்பக்கத்துப் பீங்கானில், உலோகத்துக்குச் சற்று மேலே, தேநீர்க் கறை போல ஒரு வளையம் தெரியும். அதைப் பார்த்துக் கம்ப்ரஷன் கசிகிறது என்று சிலர் பிளக்கைத் தூக்கி எறிகிறார்கள். உயர் மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் அங்கே படிவதால் வருகிற கறை அது; பிளக்கின் வேலைக்கு அதனால் குறைவில்லை.

இனி இரிடியம். நிக்கல் பிளக்கின் நடு மின்முனை 2.5 மி.மீ. தடிமன், இரிடியம் பிளக்கில் அது 0.6 மி.மீ. மட்டுமே. முனை மெலிந்திருப்பதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி பாயும். இரிடியத்தின் உருகுநிலை 2400 டிகிரிக்கு மேல் என்பதால் முனை தேய்வதும் மிகக் குறைவு. இவையெல்லாம் உண்மை. குளிர்ந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்வதையும், ஐட்லிங் சீராவதையும் நானே உணர்ந்தேன். ஆனால் பிக்கப்பிலோ மைலேஜிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் எனக்குத் தெரியவில்லை. கார்புரேட்டர் வழிந்த நாளில் இரிடியமும் நிக்கலைப் போலவே நனைந்து செத்தது. நிக்கலாக இருந்தால் பித்தளைப் பிரஷ்ஷால் துடைத்து, மின்முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்து மீண்டும் போடலாம். அந்த மெல்லிய முனையில் பிரஷ் வைக்கவே கூடாது. ஒரு இரிடியம் பிளக்கின் விலைக்கு ஏறக்குறைய ஒரு செட் நிக்கல் பிளக்கே வந்துவிடும். எஞ்சினை எட்டிப் பார்க்காமல் நெடுந்தூரம் ஓட்டுகிற எம்.பி.எஃப்.ஐ. வண்டிக்கு இரிடியம் தகும். அடிக்கடி பிளக்கைக் கழற்றிப் பார்த்தாக வேண்டிய பழைய வண்டிக்கு நிக்கலே தகும். பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பிளக்கின் நிறம் மீண்டும் வெளுக்கத் தொடங்கியதைக் கவனித்தேன். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், தன்னைத் தானே சரிசெய்துகொள்ள முடியாத கார்புரேட்டரில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் கலவை மெலிந்துவிடுகிறது. வழக்கமான மெக்கானிக், கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிய பிறகு பழுப்பு திரும்பியது. இதற்காகக் குளிர்ந்த பிளக்குக்குப் போக வேண்டியதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தண்ணீருக்குள் ஓட்டிய பிறகு வண்டி மிஸ் அடித்தது. பார்த்தவர்கள் எல்லாரும் பிளக்கை மாற்றச் சொன்னார்கள். இருட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓட்டிப் பார்த்தால், பிளக் வயரின் மேல் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரிந்தது. நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள்ளும் ஈரம் இருந்தது. அதைத் துடைத்துக் காயவைத்து, வயர் செட்டை மாற்றியதும் அதே பிளக்குகளோடு வண்டி ஓடியது. அப்போதிலிருந்து ரப்பர் மூடிகளின் உட்பக்கம் சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன்.

போலிப் பிளக்குகள் நம் பக்கத்துச் சந்தையில் உண்டு. பீங்கான் மேல் எழுத்து மங்கியிருந்தாலும், வாஷர் தானாகக் கழன்று வந்தாலும், மேல் மின்முனை நடுமுனைக்கு நேராக நிற்காவிட்டாலும் வாங்காதீர்கள்.

மாட்டும்போது, ஆடிக் காற்றில் ராதாபுரம் பக்கம் ஓடிவந்த வண்டியானால், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்து நீக்கிய பிறகே கழற்ற வேண்டும். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) மின்முனை இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் வையுங்கள், பெட்டியிலிருந்து வருவதை அப்படியே நம்ப வேண்டாம். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். தடவினால் அளவுக்கு மீறி இறுகிவிடும். ஸ்பேனர் இல்லாமல் விரலாலேயே கடைசி வரை திருகி, அதன் பிறகு புது வாஷருக்கு அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வரை இறுக்கினால் போதும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன்-மீட்டர். பழைய பிளக்கையே திரும்ப மாட்டுவதானால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும்; பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நான்கையும் சேர்த்தே மாற்றுகிறேன். கழற்றியவற்றில் நல்லதாக இரண்டையும், பிளக் ஸ்பேனரையும், ஃபீலர் கேஜையும் ஒரு துணியில் சுற்றி டூல் பையில் வைத்திருக்கிறேன்.