சுடாத ரிவால்வர்: கோல்ட் நேவி மாதிரி ஒன்றின் மதிப்புரை

அண்ணா சாலையை ஒட்டிய பழம்பொருள் கடையொன்றில் சென்ற மாதம் நான் வாங்கிய அமெரிக்கக் கோல்ட் (Colt) நிறுவனத்தின் 1851ஆம் ஆண்டு நேவி ரிவால்வரின் மாதிரி, சுடுவதற்கானதன்று. ஆயினும், உலோகத் தோட்டாக்கள் பரவலாவதற்கு முன்பு துப்பாக்கியை எவ்வாறு நிரப்பினார்கள் என்பதைக் கையால் தொட்டு அறிய விரும்புவோருக்கு அது ஏற்றது.

அசல் ஆயுதத்தில், சுத்தியலைப் பாதி இழுத்து உருளையைச் சுழலவிட்டு, ஒவ்வோர் அறையிலும் முன்புறமாகக் கருமருந்தை அளந்து கொட்டி, அறையின் வாயைவிடச் சற்றே பெரிய ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்துவார்கள். குண்டின் விளிம்பு மெல்லிய ஈய வளையமாகச் சீவப்பட்டு உதிர்ந்தால் அறை இறுக அடைபட்டதென்று பொருள். அதன்மேல் கொழுப்பும் தடவுவதுண்டு. உருளையின் பின்புறக் குமிழ்களில் சுத்தியல் அடித்ததும் தீப்பொறி தரும் செப்புக் கேப்புகளைக் கடைசியில்தான் பொருத்துவார்கள். (தீபாவளிப் பொட்டு கேப்பின் மூதாதை என்று மகனிடம் சொல்லி வைத்தேன்.)

இம்மாதிரியில் நெம்புகோல் முழுதாக இயங்குகிறது. எண்கோணக் குழலும், உருளையில் பொறித்த 1843ஆம் ஆண்டுக் கடற்போர்க் காட்சியும் தெளிவாக உள்ளன. குமிழ்களைத் துளையின்றி வார்த்திருப்பதுதான் ஏமாற்றம். தீப்பொறி மருந்தைச் சென்றடையும் வழியை அதில் காட்ட இயலாது. நெம்புகோலின் கொக்கியோ பத்தே நாளில் தளர்ந்து, துப்பாக்கியைச் சாய்த்தாலே கோல் தொங்கிவிடுகிறது. மாற்றித் தரக் கேட்டபோது, "பார்வைக்கு வைக்கிற பொருள்தானே சார்" என்றார் கடைக்காரர். பெசன்ட் நகர்க் கடற்காற்றில் திருகுகள் துருவேறத் தொடங்கியதால், வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து வருகிறேன்.